பெயர் பெற்ற கல்லும் பெயரற்ற கையும்

கல்லுக்கு வாயில்லை. ஆயினும் அது பேசுகிறது. ஆண்டவன் பேசச் சொன்னதைப் பேசுகிறது. ஆளுநர் பேசச் சொன்னதைப் பேசுகிறது. கூலி கொடுத்துப் பொறிக்கச் சொன்னவன் விரும்பியதை விரும்பிய அளவு பேசுகிறது. தானாக ஒரு சொல்லும் அது சொல்வதில்லை. ஆகவே, நகரத்துச் சுவர்களிலே பதிந்து கிடக்கும் நினைவுக் கற்களைப் படிக்கப் புகுவோர், கல் என்ன சொல்கிறது என்பதோடு நின்றுவிடலாகாது. சொல்ல வைத்தவர் யார்? சொல்லாமல் விடப்பட்டவர் யார்? இவ்விரு வினாக்களையும் கேட்டாக வேண்டும். கேட்கப் பழகாதவன், எழுத்தறிந்தும் படிக்கத் தெரியாதவனாகிறான்.

நாம் வடசென்னைப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கிறோம். வயது இருபத்தாறு. கலைக் கல்லூரியில் பட்டமும், பின்னர் ஆசிரியப் பயிற்சியும் பெற்று, சுண்ணக்கட்டியைக் கையிலேந்தி நான்காண்டுகள் ஆகின்றன. நம்மிடம் பயில்வோர் யார்? சுமை தூக்குவோரின் மக்கள், மீன் விற்போரின் மக்கள், அச்சகத்திலும் இரும்புக் கடையிலும் உழைப்போரின் மக்கள். பிளாசிப் போர் நடந்த ஆண்டைக் கேட்டால் 1757 என்று ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். ஆனால், நாள்தோறும் தாங்கள் நடந்து வரும் தெருவுக்கு அப்பெயர் ஏன் வந்தது என்று கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வரலாறு என்பது வேறெங்கோ வேறு யாருக்கோ நடந்தது, நமக்கு அதில் மதிப்பெண்ணைத் தவிர வேறு பங்கில்லை என்ற எண்ணம் பிஞ்சு நெஞ்சிலே பதிந்துவிட்டது. அந்த எண்ணத்தைப் பெயர்த்தெடுக்கவே, கல் தேடும் நடையைத் தொடங்கினோம்.

நடை புதிதன்று. சென்னையில் 2004 முதல் ஆகஸ்டுத் திங்களிலே, நகரம் பிறந்த நாளை ஒட்டி, அறிந்தோர் வழிகாட்டப் பலர் கூடித் தெருக்களைச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. 1639ஆம் ஆண்டு ஆகஸ்டு 22இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் வழங்கப்பட்டதைக் கணக்கிட்டு அந்நாளைக் கொண்டாடுகின்றனர். 2019இல் மறைந்த எஸ். முத்தையா போன்றோர் ஆண்டுக்கணக்கில் எழுதியும் பேசியும் வளர்த்த ஆர்வம் அது, பாராட்டுக்குரியது. ஆனால், ஜார்ஜ் டவுனுக்குள் அப்படி வருவோரை ஒருமுறை பாருங்கள். தொப்பியும் புகைப்படக் கருவியுமாக வருவோர் தெருவைப் பார்க்கின்றனர். தெருவிலே வாழ்வோர் திண்ணையிலிருந்தும் தள்ளுவண்டிக்குப் பின்னாலிருந்தும் அவர்களைப் பார்க்கின்றனர். பார்ப்பவர் ஒருபுறம், பார்க்கப்படுவது மறுபுறம். பார்க்கப்படும் பக்கத்திலே பிறந்த பிள்ளை, பார்ப்பவன் பக்கத்திலே ஒருநாளாவது நின்று பார்க்க வேண்டாமா?

வேண்டும் என்றோம். தடை வந்தது. பாடம் முடியாமல் ஊர் சுற்றுவதா என்றது பள்ளி. ஞாயிற்றுக்கிழமையில் என்றோம். பெற்றோர் கையெழுத்து வேண்டுமென்றது. வீடு வீடாகச் சென்றோம். ஆண் பிள்ளைகளின் வீட்டில் அரை நிமிடத்தில் கையெழுத்துக் கிடைத்தது. பெண் பிள்ளைகளின் வீட்டிலோ, காப்பி கிடைத்தது, கையெழுத்துக் கிடைக்கவில்லை. "வயசுக்கு வந்த பொண்ண தெருத்தெருவா இட்டுனு போறேன்றீங்களே டீச்சர், நாலு பேர் பாத்தா இன்னா சொல்லுவாங்க?" என்றார் ஒரு தந்தை. நாலு பேர்! பிள்ளைக்குப் பணம் கட்ட வராத நாலு பேர், நோயுற்றால் எட்டிப் பார்க்காத நாலு பேர், பெண் படியிறங்கும்போது மட்டும் தவறாமல் வந்து நிற்கும் அந்த நாலு பேர்! "அதே தெருவில் உங்கள் மகள் விடியற்காலையில் குடம் தூக்கிச் செல்கிறாள் அல்லவா? தண்ணீருக்காக நடக்கலாம், அறிவுக்காக நடக்கலாகாதா?" என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மகளையே அழைத்து, அவள் கையாலேயே தம் பெயரை எழுதச் சொல்லி, அதன் கீழே பெருவிரலை ஊன்றினார். பதினேழு பெண்களும் பதினான்கு ஆண்களுமாக முப்பத்தொருவர் புறப்பட்டனர்.

முதல் ஞாயிறு, கோட்டை. அடையாள அட்டை, சோதனை எல்லாம் கடந்து தூய மேரி தேவாலயத்தின் முன் நின்றோம். 1680இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. சுற்றிலும் தரையெங்கும் கல்லறைப் பலகைகள். ஆனால், அவற்றின் கீழே கல்லறைகள் இல்லை! அவை கிடந்த பழைய இடுகாடு, இன்று உயர்நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் பக்கத்தில் இருந்தது. 1758–59இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறை மாடங்கள் பகைவருக்கு மறைவிடமாயின. ஆகவே, முற்றுகை நீங்கியபின் மாடங்களை இடித்துப் பலகைகளை மட்டும் இங்கே கொண்டுவந்து பரப்பிவிட்டனர். பெயர் ஓரிடம், எலும்பு ஓரிடம். உள்ளே சென்றால் பளிங்குச் சிலைகளும் புகழுரைகளும். ஆளுநர் தாமஸ் மன்றோவின் உடல் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டது. 1753இல் ராபர்ட் கிளைவ் இங்கேதான் மணம் புரிந்தான். இத்தேவாலயப் பதிவேட்டின் முதல் திருமணம் எலிகு யேல் என்பவனுடையது, ஆண்டு 1680.

யேல் யார்? 1687 முதல் 1692 வரை இக்கோட்டையின் ஆளுநன். கம்பெனி ஊதியத்தை விஞ்சிய செல்வத்தைச் சென்னையிலே குவித்து இங்கிலாந்து திரும்பியவன். 1718இல் அமெரிக்கக் கல்லூரியொன்றுக்குச் சில பண்டங்களை அனுப்ப, நன்றியுடைய அக்கல்லூரி அவன் பெயரைச் சூடிக்கொண்டது. இன்று உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம். சிறு வயதிலேயே இறந்த அவன் மகன் டேவிட்டின் சமாதி, கூர்நுனிக் கோபுரமாக, உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. மகனை இழந்த தந்தையின் துயர் துயரே. அதை எள்ளி நகையாட நாம் துணியோம். ஆனால், அந்த 1680களிலேதான் இந்தத் துறையிலே மனிதர்கள் விற்கப்பட்டனர், அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். கோட்டையின் சொந்த ஏடுகளே அதற்குச் சான்று. ஆளுநன் மகனுக்குக் கோபுரம். கப்பலேற்றப்பட்ட மகனுக்கு? அவனை இழந்து கரையிலே நின்ற தாய்க்கு? அந்தப் பல்கலைக்கழகமே 2024இல், அடிமை முறையோடு தனக்கிருந்த பழைய தொடர்புகளுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. கடல் கடந்து மனச்சான்று விழித்துக்கொண்டது. கடற்கரையிலே கல் இன்னும் உறங்குகிறது.

இரண்டாம் ஞாயிறு, உயர்நீதிமன்றத்தைச் சுற்றி நடந்தோம். 1892இல் கட்டி முடிக்கப்பட்ட செந்நிற மாளிகை. அதன் கிழக்கு மதிலில் ஒரு கல். 1914 செப்டம்பர் 22 இரவு, 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னை மீது குண்டு பொழிந்ததன் நினைவு. எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. கப்பல் தப்பிச் சென்றது. நகர மக்கள் மூட்டை முடிச்சோடு ஓடினர். பிள்ளைகள் துள்ளிக் குதித்தனர். "எங்க தாத்தா என்னை எம்டன்னுதான் டீச்சர் கூப்பிடுவாரு!" என்றான் ஒருவன். கண்டீர்களா? மதில் மேலிருக்கும் கல்லை ஆயிரம் பேர் படிக்காமல் கடந்து போகின்றனர். மக்கள் நாவிலே ஏறிய சொல்லோ, நூறாண்டு கடந்தும் வாழ்கிறது. கல்வெட்டைவிட நாவெட்டு வலிது!

ஆனால், அதே மதிலுக்கு எதிரே கடற்கரையில், 1923 மே முதல் நாள், ம. சிங்காரவேலர் மே நாள் கூட்டம் நடத்தினார். திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் அன்று மற்றொரு கூட்டம். இந்திய மண்ணிலே முதன்முதல் கொண்டாடப்பட்ட மே நாள் அது. எட்டு மணி நேர உழைப்பு என்ற உரிமையின் விதை இந்த மணலிலே தூவப்பட்டது. தந்தைமார் பலர் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, எம்டனுக்குக் குதித்தவர்கள் குதிக்கவில்லை, கணக்குப் போட்டார்கள். "அப்போ எங்கப்பாவுக்கு மீதி நாலு மணி நேரம் யாரு டீச்சர் தரணும்?" அரை மணியில் ஓய்ந்த பீரங்கியைவிட இந்தக் கேள்விக்கு வேகம் மிகுதி.

அங்கிருந்து பாரிமுனை. டேர் மாளிகை வளாகத்திலே ஒரு பழைய எல்லைத் தூண் இருக்கிறது. 1773இல் கம்பெனி நட்ட தூண்களிலே எஞ்சியிருப்பது அது ஒன்றே. எதற்கு எல்லை? இங்கேதான் கதை கசக்கிறது. கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி, இன்றைய நீதிமன்றம் நிற்கும் நிலத்திலே, ஓர் ஊர் இருந்தது. நெய்தவர்கள், சாயம் தோய்த்தவர்கள், வண்ணம் தீட்டியவர்கள், துபாஷிகள், வணிகர்கள் வாழ்ந்த ஊர். கோட்டைக்குள்ளே இருந்தது வெள்ளையர் பட்டணம். இதற்குச் சூட்டப்பட்ட பெயர் கறுப்பர் பட்டணம். 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். 1749இல் ஆங்கிலேயர் மீண்டும் பெற்றனர். பகைவன் ஒளிந்து வர வீடுகள் உதவுகின்றன, பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று, இருவரும் மாறி மாறி அந்த ஊரைத் தரைமட்டமாக்கினர். இடிக்கப்பட்டோர் வடக்கே முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் சென்றனர். வெட்டவெளியில் எவனும் மீண்டும் வீடு கட்டிவிடாதிருக்கத்தான் எல்லைத் தூண்கள்! புதிய ஊரும் கறுப்பர் பட்டணம் என்றே அழைக்கப்பட்டது. வேல்ஸ் இளவரசர் வந்து சென்றதையொட்டி, 1906இல் அது ஜார்ஜ் டவுன் ஆயிற்று. இழிவுப் பெயர் போயிற்று; எசமானன் பெயர் வந்தது. வாழ்ந்தவர் பெயர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

தூண் நிற்கிறது, எல்லையைக் காட்டிக்கொண்டு. எல்லைக்குள் இருந்த ஊரைக் காட்ட ஒரு கல்லும் இல்லை. வரலாற்று ஆசிரியர் வகுப்பறையிலே ஒரு மணி நேரம் முழங்கினாலும் விளங்காத ஒன்று, அந்தத் தூணருகே ஐந்து நிமிடம் நின்ற பிள்ளைகளுக்கு விளங்கிற்று. குடிசை மாற்று வாரியத்தின் அறிவிப்பைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அல்லவா? "அவங்களுக்கு வேற எடம் குடுத்தாங்களா டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்டனர்.

மூன்றாம் ஞாயிறு, தெருக்கள். மக்கள் அரண்மனைக்காரன் தெரு என்று அழைக்கும் தெருவில், அரண்மனை எங்கே என்று தேடினார்கள். அரண்மனை இல்லை, ஆர்மீனியர் இருந்தனர். ஆர்மீனியன் என்ற சொல் நம் மக்கள் நாவிலே அரண்மனைக்காரன் ஆயிற்று. 1772இல் எழுந்த அவர்களுடைய தேவாலயம் இன்றும் அமைதியாக நிற்கிறது. அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ள பாதிரியார் ஹாருத்தியூன் ஷ்மாவோனியன், 1794இல் இந்தச் சென்னையிலே 'அஸ்தரார்' என்ற இதழைத் தொடங்கினார். உலகிலே ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அதுவே! தாய்நாட்டிலே அன்று ஆர்மீனியருக்குத் தம் ஆட்சி இல்லை. எங்கோ ஒரு வெப்ப நாட்டுத் துறைமுகத்திலே ஒரு சிறு கூட்டம் தன் மொழியைக் காகிதத்திலே ஏற்றிக் காத்தது. அரண்மனை இல்லாத அந்தத் தெருவிலே, அரண்மனையைவிடப் பெரியது ஒன்று இருந்தது; அச்சகம்! அச்சகத் தொழிலாளியின் மகனொருவன் அன்று வழக்கத்தைவிடச் சற்று நிமிர்ந்து நடந்ததைக் கண்டோம்.

அடுத்து, தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு. பெயரோடு சாதியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. 1970களின் இறுதியில் தமிழக அரசு தெருப் பெயர்களின் வாலை வெட்ட ஆணையிட்டது. சில பலகைகளில் வால் போயிற்று. மக்கள் வாயில் போகவில்லை. "பட்டத்தை எடுத்தால் வரலாறு அழியாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. நாம் வரலாற்றையே எடுத்துச் சொன்னோம். இந்தத் தெருக்களிலே வலங்கை என்றும் இடங்கை என்றும் சாதிகள் இரு பிரிவாகப் பிரிந்து நின்று, எந்தத் தெருவில் எவர் ஊர்வலம் போகலாம் என்பதற்காக மண்டை உடைத்துக்கொண்டனர். 1707இல் மூண்ட கலகம், ஆளுநர் தாமஸ் பிட் தலையிட்டுத் தெருக்களையே இருசாராருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் அளவுக்கு முற்றிற்று. மிளகும் துணியும் வாங்க வந்த வெள்ளையன், உன் தெரு இது, அவன் தெரு அது என்று நமக்குக் கோடு போட்டுக் கொடுத்தான். நாமும் கைகட்டி வாங்கிக்கொண்டோம். இதைச் சொல்லும் கல் எங்கேனும் உண்டா? இல்லை. சாதியின் பெருமைக்குப் பலகை உண்டு. சாதியின் சிறுமைக்குப் பலகை இல்லை. வரலாறு அழியக்கூடாது என்போர், முதலில் இந்த வரலாற்றை எழுதட்டும்! தம்பு என்ற மனிதனைத் தெரு நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அவன் பட்டத்தைத் தெருவில் நடப்பவன் சுமப்பானேன்?

அன்று மாலை ஏழுகிணறு. 1772இல் கோட்டைக்குக் குடிநீர் வழங்கக் கம்பெனி அமைத்த கிணறுகளால் வந்த பெயர். அருகே வீராசாமித் தெருவில், வடலூர் இராமலிங்க அடிகளார் தம் இளமைக் காலத்தைக் கழித்த வீடு. "சாமி வீடா டீச்சர்?" என்று செருப்பைக் கழற்றினான் ஒருவன். "சாதியையும் குலத்தையும் பொய்யென்று சொன்னவர் வீடு. 1867இல் வடலூரில் தருமச்சாலை திறந்து, பசி என்று வந்தவரின் குலத்தைக் கேட்காமல் சோறு போட்டவர் வீடு" என்றோம். அவரைப் படத்திலே வைத்துக் கற்பூரம் காட்டுவது எளிது. பந்தியிலே அவர் காட்டிய வழியில் அமர்வதுதான் கடினம். ஆயினும், மூன்று ஞாயிறுகளில், வென்றவனுக்கும் விற்றவனுக்கும் அல்லாமல், பசித்தவனை எண்ணியவனுக்காகக் காக்கப்படும் சுவரொன்றை அங்கேதான் கண்டோம். பிள்ளைகள் நெடுநேரம் நின்றனர்.

நான்காம் ஞாயிறு, கொத்தவால் சாவடி. 1996இல் காய்கனி அங்காடி கோயம்பேட்டுக்கு மாற்றப்படும் வரை, சென்னையின் வயிறு அதுதான். நம் பிள்ளைகளுள் பலருடைய பாட்டன் பாட்டிமார் அங்கே மூட்டை சுமந்தவர்கள், கூடை தூக்கியவர்கள், சிந்திய கீரையைப் பொறுக்கி விற்றுப் பிள்ளை வளர்த்தவர்கள். அங்கே படிக்கத் தேடினோம். கடைப் பெயர்கள் உண்டு; கட்டடம் கட்டுவித்தோர் பெயர்கள் உண்டு. "டீச்சர், நாலு வாரமா படிக்கிறோம். கவர்னர் பேரு இருக்குது, கவர்னர் புள்ள பேரு இருக்குது, கப்பல் பேருகூட இருக்குது. மூட்ட தூக்கினவங்க பேரு ஒண்ணுகூட இல்லியே?" என்றாள் ஒருத்தி. விரலை ஊன்றிய தந்தையின் மகள் அவள்.

இந்தக் கேள்வி ஜார்ஜ் டவுனுக்கு மட்டும் உரியதன்று. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் நகரின் நடுவே வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பசியால் ஊர் துறந்து வந்த எலும்புக்கூடுகள். 1877இல் பஞ்ச வேலைக்கு வகுக்கப்பட்ட கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். கால்வாய்க்கு வந்த பெயரோ, பக்கிங்காம் கோமகனுடையது! முதல் உலகப் போரில் இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் மாண்டனர் என்று நம் சிற்றூர்களில் ஆங்கில ஆட்சி பதித்த கற்களைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை என்று இருக்கும்; யார் என்று இராது. ஆளுநருக்குப் பெயர், ஏழைக்கு எண்!

வெள்ளையன் போனான், வழக்கம் போகவில்லை. இன்று நாட்டிலே திறப்பு விழாக் கல் இல்லாத கட்டடம் உண்டா? கழிப்பறைச் சுவரிலே பளிங்குப் பலகை ஒன்று கண்டோம். தலைமை, முன்னிலை, திறந்து வைத்தவர், சிறப்பித்தவர், நன்றி நவின்றவர் என்று ஒன்பது பெயர்கள். இருந்த கதவுகள் இரண்டு. அவற்றுள் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை! கட்டிய கொத்தனார் பெயர் இல்லை. அதை நாள்தோறும் கழுவுகின்ற அம்மையார் பெயர் இல்லை. நாடாவை வெட்டியவன் நினைக்கப்படுகிறான். நாற்றத்தைச் சுமப்பவள் மறக்கப்படுகிறாள். இதற்குப் பெயர் நினைவுச் சின்னமா?

கேட்ட கேள்வியை அப்படியே விட்டுவிடலாகாது என்று, பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்தோம். வீட்டிலே மூத்தவர் ஒருவரிடம் கேட்டு எழுதி வர வேண்டும். பெயர் என்ன? எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டு வந்தார்? எங்கே என்ன வேலை செய்தார்? இவ்வளவே. சாதி எழுதலாமா என்று ஒருவன் கேட்டான். வகுப்பே கூடி விவாதித்து, கூடாது என்று முடிவு செய்தது. நாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து முப்பத்தொரு தாள்களும் வந்தன. படித்தோம். தறியை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு வந்தவர் ஒருவர். ரிக்ஷா இழுத்தவர், 1970களில் கை ரிக்ஷா ஒழிக்கப்பட்டபோது மிதிவண்டி ரிக்ஷாவுக்கு மாறி, இறுதிவரை பாரிமுனையை விட்டு அகலாதவர் ஒருவர். அச்சுக்கோப்பவராக நாற்பதாண்டுகள் ஈயத்தைத் தொட்டு, தமக்கென ஒரு முகவரிச் சீட்டும் அச்சடித்துக்கொள்ளாதவர் ஒருவர். கொத்தவால் சாவடியில் கூடை தூக்கிய ஒரு பாட்டியைப் பற்றி, அந்தக் கேள்வி கேட்ட பெண் எழுதியிருந்தாள். முதல் வரி இது: "என் ஆயா பெயர் எனக்குத் தெரியாது. எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தத் தாளுக்காக இன்றுதான் கேட்டேன். கேட்டதும் ஆயா சிரித்தார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இப்போது இல்லை என்று சொன்னார்." அதன் கீழே பாட்டியின் பெயரைப் பெரிய எழுத்திலே எழுதி, சுற்றிக் கட்டமும் போட்டிருந்தாள், கல்வெட்டுப் போலவே.

தோழர்களே, அந்தக் கட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே வீட்டில், ஒரே பாயில், பதினான்கு ஆண்டுகள் அருகிலே படுத்துறங்கிய பேத்திக்கும் பாட்டி பெயர் தெரியாது. கூப்பிட உறவுப் பெயர் போதும், வேலை வாங்க 'ஏய்' போதும் என்று பெண்ணை வைத்திருக்கும் சமுதாயம், கல்லிலா அவள் பெயரைப் பொறிக்கப் போகிறது? இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மூன்று முகவரி மாறி முடிந்துபோகும் வாழ்வு! நடை முடிந்தபின் அந்தப் பிள்ளைகளிடம் நாம் கண்ட மாற்றம் இதுதான்: சந்திப்பவரிடமெல்லாம் பெயர் கேட்கின்றனர். பள்ளியிலே கூட்டிப் பெருக்கும் அம்மையாரை இப்போது பெயரோடு அம்மா என்று சேர்த்து அழைக்கின்றனர். சிறு மாற்றம்தான். ஆனால், எது பெரியது?

பிற நாடுகளில் எப்படி? லண்டனில் 1866இல் தொடங்கப்பட்ட முயற்சியொன்று இன்றும் நடக்கிறது. சான்றோர் வாழ்ந்த வீட்டுச் சுவரில் நீல வட்டப் பலகை பதிக்கின்றனர். பொதுமக்கள் யாரும் பெயரை முன்மொழியலாம், மறைந்து இருபதாண்டுகள் கழிந்திருக்க வேண்டும், அவர் வாழ்ந்த கட்டடம் நிலைத்திருக்க வேண்டும், சான்று வேண்டும். 1921–22இல் மாணவராக அண்ணல் அம்பேத்கர் தங்கியிருந்த கிங் ஹென்றி சாலை, 10ஆம் எண் வீட்டில் அவர் பெயர் தாங்கிய பலகை இருக்கிறது. சொந்த நாட்டிலே பொதுக் குளத்தில் நீர் அருந்தும் உரிமைக்குப் போராட வேண்டியிருந்த மனிதரை, அந்நிய நகரத்துச் சுவர் மதித்து வைத்திருக்கிறது. அங்கும் குறை உண்டு. 2023இல் ஆயிரமாவது பலகை பதிக்கப்பட்டது. பெண்களுக்குரியவை நூற்றுக்குப் பதினைந்தளவே. ஆனால், குறையை எண்ணிக் கணக்கிட்டுத் தாங்களே வெளியிடுகின்றனர். அந்த ஆயிரமாவது பலகையை, பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சங்கத்துக்கே அளித்தனர்.

ஜெர்மனியில் குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் தொடங்கிய பணி இன்னும் வியப்புக்குரியது. நாஜிகளால் கொல்லப்பட்டோரும் விரட்டப்பட்டோரும் கடைசியாகத் தம் விருப்பப்படி வாழ்ந்த வீட்டின் வாசலிலே, நடைபாதையில், உள்ளங்கையளவு பித்தளைத் தகடு பொருத்திய சிறு கல்லைப் பதிக்கிறார். ஒரு மனிதருக்கு ஒரு கல். இங்கே வாழ்ந்தவர் இன்னார், பிறந்த ஆண்டு இது, முடிவு இது. அவ்வளவே. தையற்காரர், கடைக்காரர், பள்ளிச் சிறுமி, எல்லோருக்கும் ஒரே அளவு. 2023இல் ஒரு நூறாயிரமாவது கல் பதிக்கப்பட்டது. எண்ணாக்கி அழிக்கப்பட்டவர்களைப் பெயராக்கி மீட்கும் பணி! காலில் மிதிபடுமே என்று மறுப்போரும் உண்டு. ஆனால், அதைப் படிக்க வேண்டுமானால் குனிந்தாக வேண்டும்.

நம்மால் முடியாதா? மலையைக் கேட்கவில்லை, மாளிகையைக் கேட்கவில்லை. இடிக்கப்பட்ட பழைய பட்டணத்துக்கு, அந்த எல்லைத் தூணின் அருகே தமிழிலே ஒரு பலகை. முதல் மே நாளுக்கு, உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு பலகை. கப்பலேற்றப்பட்ட அடிமைகளுக்குக் கடற்கரையிலே ஒன்று. கொத்தவால் சாவடியில் சுமந்தோருக்கு ஒன்று. சான்று வைத்து எழுதுவோம். சாதிப் பட்டம் தவிர்ப்போம். திறந்து வைத்தவர் பெயரை மட்டும் பலகையின் பின்பக்கத்திலே, சுவரைப் பார்த்தபடி பொறிப்போம்!

அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஆசிரியத் தோழர்களே, உங்கள் ஊரிலும் கல் இருக்கும். கோயில் மதிலில், பாலத்தின் தூணில், பள்ளி வாசலில், ஏரிக் கரையில் இருக்கும். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பெண் பிள்ளைகளை விட்டுவிட்டுச் செல்லாதீர்கள். முதலில் கல்லில் உள்ள பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அதைச் செதுக்கியவன் யார், சுமந்தவன் யார், சுமந்தவனுக்குச் சோறாக்கியவள் யார் என்று கேட்கச் சொல்லுங்கள். விடை வீட்டிலேயே இருக்கும். மூத்தவர் நினைவிலே இருக்கும். அவரோடு போய்விடுமுன் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நம் முப்பத்தொரு தாள்களையும் தைத்து ஏடாக்கி வகுப்பறை அலமாரியில் வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் தங்கள் தாள்களைச் சேர்ப்பார்கள். வெற்றுத் தாள்களும் நிரம்ப வைத்துத்தான் தைத்திருக்கிறோம்.